தரங்கம்பாடி: கேட்டு இறங்கியவர்களும் கேட்காமல் இறங்கியவர்களும்

போன ஜனவரியில் ஒரு சனி, ஞாயிறு குடும்பத்தோடு தரங்கம்பாடி போயிருந்தேன். ரொம்ப நாள் திட்டம். டேனிஷ்காரர்களைப் பற்றி இரண்டு வருஷமாகப் படித்து வைத்ததையெல்லாம் நேரில் பார்க்கணும் என்பது என் கணக்கு. கடலில் ஆட்டம் போடணும் என்பது என் பையன் கணக்கு. 1792இல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தால், இரண்டு பக்கமும் தேவாலயங்கள், பழைய பங்களாக்கள், எதிரே கோட்டை, அதற்குப் பின்னால் கடல். நான் ஒவ்வொரு கட்டடத்துக்கும் முன்னால் நின்று விரிவுரை ஆற்ற ஆரம்பித்ததும் பையன் பொறுமை இழந்து கடலைப் பார்த்து ஓடிவிட்டான்.

பின்னாலேயே நானும் போனேன். கோட்டை ஓரத்தில் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, கல்லை ஒட்டி ஒரு பத்துப் பதினைந்தடி அகலத்துக்குத் தண்ணீர் அமைதியாக இருந்தது. "அப்பா, இங்கதான் அலை கம்மியா இருக்கு. இங்க இறங்கலாம்" என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தலையாட்டிவிட்டேன்.

கொஞ்சம் தள்ளி வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். "தம்பி, அந்தக் கல்லுகிட்ட புள்ளைய எறக்காதீங்க. தண்ணி சும்மா இருக்குற மாதிரி தெரியும். சும்மா இல்ல அது."

அவர் சொன்னது அவ்வளவுதான். பையனைக் கூப்பிட்டுக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள ஊர் திரும்பிய பிறகு எனக்கு மூன்று மாதம் வாசிப்பு தேவைப்பட்டது. அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. நடுவில் என் சொந்தக் கதை ஒன்றும் வரும். அதைத் தவிர்க்க முடியவில்லை.

ஓசோன் என்கிற கதை

முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடுவோம். தரங்கம்பாடி என்று கூகுளில் தேடினாலே 'ஓசோன் அதிகமுள்ள கடற்கரை' என்று வரும். உலகத்தில் இரண்டாவது என்றுகூடச் சிலர் போடுகிறார்கள். எந்த ஆய்வு, யார் அளந்தது என்று தேடிப் போனால் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைக் காட்டும், அது திரும்ப முதல் பக்கத்தைக் காட்டும். எங்கள் தொழிலில் இதை முடிவில்லாத லூப் என்போம்.

கடல் காற்றில் ஓசோன் இருக்கிறது, அது உடம்புக்கு நல்லது என்பது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரவியிருந்த நம்பிக்கை. கடற்கரை வாசனைக்குக் காரணம் ஓசோன் இல்லை. பெரும்பாலும் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு. கடலில் மிதக்கும் நுண்பாசிகளும் பாக்டீரியாக்களும் உண்டாக்குவது. தரைமட்டத்தில் ஓசோன் நிஜமாகவே அதிகமானால் நுரையீரலுக்குக் கெடுதல். அதை மாசு என்றுதான் கணக்கில் வைப்பார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு கடற்கரையைப் பற்றி நாம் பரப்புகிற தகவல் பெரும்பாலும் இந்த ரகம்தான். காற்று நல்லது, சூரிய உதயம் அழகு, மீன் வறுவல் பிரமாதம். கல்லை ஒட்டித் தண்ணீர் இழுக்கும் என்பது ஒரு பக்கத்திலும் என் கண்ணில் படவில்லை.

பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தரங்கம் என்றால் அலை. 'பாடும் அலைகள்' என்று அழகாக விளக்கம் சொல்கிறார்கள். பாடி என்பதற்குக் குடியிருப்பு, ஊர் என்ற பொருளும் உண்டு. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்ப் பெயர் அப்படித்தான் முடிகிறது. அலையோரத்து ஊர். எனக்கு இந்த அர்த்தம்தான் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் இந்த ஊரின் முழு வரலாறும் அலைக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிற கோடு நகர்ந்த கதைதான்.

கடல் எடுத்துக்கொண்டது

கரையில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306இல் எழுந்தது. சமீப காலத்தில் திருப்பணி செய்து புதுப்பித்திருக்கிறார்கள். அதற்கு முன் எடுத்த போட்டோக்களைத் தேடிப் பாருங்கள். கோயிலின் முன்பகுதி இடிந்து, அலை நேராக வந்து சுவரில் மோதும். 700 வருஷத்துக்கு முன் ஒரு ராஜா கோயில் கட்டும்போது அலை வந்து அடிக்கிற இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டான். கோயில் கடலுக்குப் போகவில்லை, கடல்தான் கோயிலுக்கு வந்தது.

டேனிஷ்காரர்களின் கதையும் இதே கோட்டில்தான் போகிறது. டென்மார்க்கின் கிழக்கிந்தியக் கம்பெனி 1616இல் தொடங்கியது. 1618இல் கப்பல்கள் புறப்பட்டன. அவர்கள் குறிவைத்தது இலங்கையை, தரங்கம்பாடியை அல்ல. முன்னால் வந்த ரோலண்ட் கிராப்பே என்பவரின் கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்த்துகீசியர்கள் தாக்கி அழித்தார்கள். தப்பித்துக் கரையேறிய கிராப்பே தஞ்சாவூர் போய் ரகுநாத நாயக்கரிடம் சேர்ந்தார். இலங்கையில் காரியம் ஆகாமல் போன தளபதி ஓவே கெடேயும் பிறகு இந்தப் பக்கம் வந்தார். 1620 நவம்பரில் நாயக்கரோடு ஒப்பந்தம் ஆயிற்று. டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் தமிழில் அனுப்பிய தங்க ஏடு இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

அடுத்து நடந்தது எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். டென்மார்க் போர்களில் சிக்கி இந்த ஊரையே மறந்துவிட்டது. 1640களிலிருந்து 1669 வரை, கால் நூற்றாண்டுக்கும் மேலாக, ஒரு கப்பல்கூட வரவில்லை. எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரண ஆள் ஒருவர்தான் கோட்டையைக் காப்பாற்றி வைத்திருந்தார். தலைமை அலுவலகம் கைவிட்ட சர்வரை ஒரே ஒருத்தர் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி. ஊரைச் சுற்றி மதில் எழுந்ததும் இவர் காலத்தில்தான்.

அந்த மதிலின் கடல் பக்கத்தை இன்றைக்குத் தேடினால் கிடைக்காது. 18ஆம் நூற்றாண்டு நகர வரைபடங்களில் கோட்டைக்குக் கிழக்கே மதில் இருக்கிறது, அதற்கும் வெளியே மணல்கரை இருக்கிறது. அவை இருந்த இடத்தில் இப்போது தண்ணீர். 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். செராம்பூரையும் சேர்த்து விலை 12.5 லட்சம் ரூபாய். அதன் பிறகு வியாபாரம் நாகப்பட்டினம் பக்கம் போய்விட்டது. கடல் மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை.

ஆகவே, நீங்கள் தரங்கம்பாடிக் கரையில் கால் நனைக்கும்போது இயற்கையான, சரிந்து இறங்கும் மணல்கரையில் மட்டும் நிற்கவில்லை. இடிந்த மதில், கொட்டிய பாறை, அரித்த பள்ளம் எல்லாம் காலுக்குக் கீழே இருக்கலாம்.

படகோட்டியைக் கேட்ட காலம்

இனி நான் தேடியதிலேயே மிகவும் ரசித்த பகுதி.

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் என்பது அபூர்வம். தரங்கம்பாடியிலும் கிடையாது, சென்னையிலும் கிடையாது. ஐரோப்பியக் கப்பல்கள் ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து கரைக்கு வர நடுவில் இருப்பது அலை உடையும் பகுதி. அட்லாண்டிக்கைத் தாண்டி, ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த மாலுமிகள் கடைசி அரைக் கிலோமீட்டரைத் தாங்களே கடக்கத் துணியவில்லை. ஆணியடித்துச் செய்த அவர்கள் படகு அலையில் தரை தட்டினால் பிளந்துவிடும்.

கடந்தது நம் ஊர்ப் படகுகள். மசூலா என்றும் சலங்கு என்றும் சொல்வார்கள். பலகைகளை ஆணி இல்லாமல் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கித் தரையில் அடித்தால் படகு உடையாது, வளைந்து கொடுக்கும். தண்ணீர் உள்ளே கசியும், ஒருத்தர் இறைத்துக்கொண்டே இருப்பார். சுக்கான் பிடிப்பவர்தான் முக்கியம். அலை உடையும் இடத்துக்கு வெளியே படகை நிறுத்திக் காத்திருப்பார். பெரிய அலைகள் கொத்தாக வந்து போகும். நடுவில் ஒரு இடைவெளி வரும். அந்த நொடியில் ஒரு சத்தம், எல்லாத் துடுப்பும் ஒரே சமயத்தில் விழும், அலையின் முதுகிலேயே கரைக்கு வந்துவிடுவார்கள்.

சென்னையில் இது ஒரு முழு அமைப்பாகவே வளர்ந்தது. கடல் கடக்க முடியாத நிலையில் இருந்தால் கரையில் கொடி ஏற்றுவார்கள். கப்பலிலிருந்து யாரும் இறங்க வேண்டாம் என்று அர்த்தம். கப்பலில் அவசரமாக ஒரு கடிதம் சேர வேண்டுமென்றால் கட்டுமரக்காரர் எடுத்துப்போவார். கூம்பாகப் பின்னிய, தண்ணீர் புகாத ஓலைத் தொப்பிக்குள் கடிதம் பத்திரமாக இருக்கும். எல்லாவற்றையும்விட இது: பயணிகளோடு மசூலா படகு வரும்போது பக்கத்திலேயே கட்டுமரங்களும் வரும். படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களைத் தூக்குவதற்காக. உயிரைக் காப்பாற்றியவர்களுக்குப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

கரையில் எச்சரிக்கைக் கொடி, தண்ணீரில் மீட்புப் படை, சாதனை செய்தவருக்குப் பதக்கம். இன்றைக்கு வெளிநாட்டுக் கடற்கரைகளில் பார்த்து நாம் ஆச்சரியப்படுகிற எல்லாமே நம் கரையில், நம் மீனவர்களை வைத்து நடந்திருக்கிறது. கவர்னரும் தளபதியும் பாதிரியாரும், கரையில் கால் வைப்பதற்கு முன்னால் அந்தப் படகோட்டி 'இப்போ போலாம்' என்று சொல்லக் காத்திருந்தார்கள்.

1706 ஜூலை 9இல் சீகன்பால்கு வந்து சேர்ந்ததும் இந்தக் கரைக்குத்தான். அவர் இறங்கிய இடத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. அவர் இங்கே அச்சுக்கூடம் வைத்ததும், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததும் எல்லாருக்கும் தெரியும். அச்சகத்தின் கதை எழுதியாகிவிட்டது. அலையைத் தாண்டி ஆட்களையும் பெட்டிகளையும் கரை சேர்த்த படகோட்டிகளின் கதை பெரும்பாலும் யாருடைய குறிப்பிலோ ஓரத்தில் ஒரு வரியாக நிற்கிறது. பெயர்கூட இல்லை.

சும்மா இருக்கிற தண்ணீர்

பெரியவர் சொன்ன வரிக்கு வருவோம்.

அலை ஒவ்வொன்றும் தண்ணீரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வந்த தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். எல்லா இடத்திலும் சமமாகத் திரும்பாது. எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே சேர்ந்து, ஒரு வாய்க்கால் மாதிரி, கடலை நோக்கி ஓடும். இதைத்தான் இழுப்பு நீரோட்டம் என்கிறோம். கல் சுவர், பாறைக் குவியல், பாலத் தூண் போன்றவற்றை ஒட்டி இது எளிதாக உருவாகும், ஏனென்றால் பக்கவாட்டில் வரும் தண்ணீரைக் கல் மறித்துக் கடல் பக்கம் திருப்பிவிடுகிறது. ஆற்று முகத்துவாரத்திலும் அப்படித்தான்.

அந்த வாய்க்காலில் ஆழம் அதிகம். ஆழம் அதிகமென்றால் அலை உடையாது. அலை உடையவில்லை என்றால் பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும். வெள்ளை நுரைகளுக்கு நடுவே கொஞ்சம் கறுத்த, அடங்கிய பட்டை. குழந்தையை இறக்கப் பாதுகாப்பான இடம் என்று நமக்குத் தோன்றுகிற இடம் அதுதான். என் பையனுக்குத் தோன்றியது. எனக்கும் தோன்றியது.

இதன் வேகம் பெரும்பாலும் நிதானமாகத்தான் இருக்கும். பலமாக இருக்கும்போது நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் நீச்சல் வீரர் 100 மீட்டரை நீந்துவது ஏறக்குறைய அந்த வேகத்தில்தான். நீங்களும் நானும் அதை எதிர்த்து நீந்தி ஜெயிக்க வழியே இல்லை.

இன்னொரு சிக்கல், பள்ளம் ஒரே இடத்தில் இருக்காது. நம் கிழக்குக் கரையில் அலைகள் மணலைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கு நோக்கி, வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கி. வருஷக் கணக்குப் பார்த்தால் வடக்கு நோக்கிப் போவது அதிகம். நடுவில் ஒரு கல் சுவர் வந்தால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். 1870களில் சென்னைத் துறைமுகம் கட்ட ஆரம்பித்த பிறகு தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இதனால்தான். ஆகவே 'பத்து வருஷத்துக்கு முன்னாடி இங்கதான் குளிச்சோம், ஒண்ணும் ஆகல' என்பது பழைய வெர்ஷன் தகவல். அதை நம்பி இறங்கக் கூடாது.

கேட்காமல் இறங்கியவர்கள்

என் கதையை இங்கே சொல்லியாக வேண்டும்.

1999. பி.இ. மூன்றாம் வருஷம். எட்டுப் பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனோம். ஊர் பேர் வேண்டாம். இதே கிழக்குக் கரைதான். அங்கேயும் ஒரு கல் சுவர் இருந்தது. அங்கேயும் அதை ஒட்டித் தண்ணீர் அமைதியாக இருந்தது. நாங்களும் அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

எங்களில் நன்றாக நீச்சல் தெரிந்தவன் ஒருத்தன்தான். காவிரியில் நீந்தி வளர்ந்தவன். 'ஆத்துலயே நீந்துறேன், இது என்னடா' என்று சொல்லிவிட்டு இடுப்பளவு தண்ணீரைத் தாண்டிப் போனான். கொஞ்ச நேரத்தில் அவன் எங்களை விட்டு விலகிப் போவது தெரிந்தது. விளையாடுகிறான் என்று நினைத்தோம். பிறகு அவன் திரும்பி, கரையைப் பார்த்து நீந்த ஆரம்பித்தான். நேராகக் கரையைப் பார்த்து. நன்றாகத்தான் நீந்தினான். கை மாற்றி மாற்றி விழுவது எனக்கு இன்னும் தெரிகிறது. ஆனால் இருந்த இடத்திலேயே இருந்தான். பிறகு இருந்த இடத்திலிருந்தும் பின்னால் போனான்.

பக்கவாட்டில் ஒரு இருபது முப்பது மீட்டர் நீந்தியிருந்தால் அந்த வாய்க்காலை விட்டு வெளியே வந்திருப்பான்; அங்கே அலையே அவனைக் கரைக்குத் தள்ளியிருக்கும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. கரை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தானே யாரும் நீந்துவார்கள்?

அடுத்த நாள் காலை கிடைத்தான்.

அந்த இடத்திலிருந்து ஒரு இருநூறு மீட்டரில் மீனவர் குப்பம் இருந்தது. நாங்கள் கத்தியதும் அவர்கள்தான் படகை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள், இருட்டும்வரை தேடினார்கள். அதில் ஒருத்தர் அன்று இரவு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கோபமே இல்லாமல் கேட்டார்: "எறங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருக்கலாமே தம்பி."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மசூலா படகுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த இரவில்தான் அந்த வரி எனக்கு முழுசாக உறைத்தது. 300 வருஷத்துக்கு முன் பீரங்கியோடு வந்தவன்கூட இறங்குவதற்கு முன் கேட்டிருக்கிறான். எட்டுப் பேர் இன்ஜினியரிங் படிக்கிறோம், எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கேட்டாலும் தெரியாத நாள்

இப்படிச் சொல்லிவிட்டு, உள்ளூர்க்காரர்களுக்கு எல்லாம் தெரியும் என்று முடித்தால் அது பாதிதான் உண்மை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா பக்கம் நிலநடுக்கம் ஏற்பட்டது நம் நேரப்படி காலை 6.28க்கு. அலை தமிழ்நாட்டுக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. தரங்கம்பாடியில் அதிகம் அடிபட்டது மீனவர் குடியிருப்புதான். கடலை நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள். காற்றைப் பார்த்து வாடையா, கொண்டலா, கச்சானா என்று சொல்பவர்கள். ஆனால் சுனாமி அவர்கள் அனுபவத்தில், அவர்கள் அப்பா தாத்தா அனுபவத்தில் வந்ததில்லை.

எழுத்தில் மட்டும் இருந்தது. 1881 டிசம்பர் 31இல் நிக்கோபார் பக்கம் வந்த நிலநடுக்கத்தின் அலையை நாகப்பட்டினம் உட்பட நம் கரையின் கடல்மட்ட அளவிகள் பதிவு செய்திருக்கின்றன. சின்ன அலைகள், பெரிய சேதம் இல்லை. ஆனால் கிழக்கே நிலம் ஆடினால் இங்கே கடல் வரும் என்பதற்கு அது சாட்சி. லாக் இருந்தது. யாரும் திறந்து படிக்கவில்லை. இரண்டு மணி நேரம் கையில் இருந்தும் கரைக்குச் சொல்ல ஆளும் இல்லை, அமைப்பும் இல்லை. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் மறுநாள் காலை போய்ப் பேசினேன். அந்த நாளைப் பற்றி நானாகக் கேட்கவில்லை. அவரே சொன்னார். "அன்னிக்கு நாங்களும்தான் தெரியாம நின்னோம் தம்பி. இப்ப போன்ல வந்துடுது. போன்ல வந்தா போறதில்ல. வரலைன்னாலும் கண்ணால பாத்துட்டுத்தான் போறது."

பழைய சென்னையில் கரையில் ஏற்றிய கொடிக்கும், இன்று துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கும், பெரியவர் போனில் வரும் செய்திக்கும் வேலை ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாததைக் கருவி சொல்லும். கருவிக்குத் தெரியாத அந்த ஒரு கல்லோரப் பள்ளத்தை ஆள் சொல்வார். நமக்கு இரண்டும் வேண்டும்.

போகிறவர்களுக்கு

தரங்கம்பாடிக்கு அவசியம் போங்கள். பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. ஊரைச் சுற்றிப் பார்க்கக் கடலில் இறங்க வேண்டிய தேவையே கிடையாது. நான் செய்ததை, செய்யத் தவறியதை வைத்துச் சில குறிப்புகள்:

காலையிலேயே ஊருக்குள் நடந்துவிடுங்கள். நுழைவாயிலில் ஆரம்பித்து ராஜ வீதி, 1701இல் கட்டிய சீயோன் தேவாலயம், எதிரே சீகன்பால்கு அடக்கமாகியிருக்கும் புதிய எருசலேம் தேவாலயம், கவர்னர் பங்களா, கோட்டை, அதற்குள் இருக்கும் அருங்காட்சியகம், கடைசியில் மாசிலாமணிநாதர் கோயில். எல்லாம் நடக்கிற தூரம்தான். பத்தரை மணிக்கு மேல் வெயில் உறைக்கும், கரையில் நிழல் கம்மி. தண்ணீர், தொப்பி மறக்காதீர்கள்.

பாறைகள் மேல் ஏறி செல்ஃபி எடுக்காதீர்கள். அலை படும் கல்லில் பாசி வழுக்கும். விழுந்தால் இடுக்கில்தான் விழுவீர்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் இன்காய்ஸ் வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கடல் முரட்டுத்தனமாக இருக்கும். நம் ஊரில் வானம் தெளிவாக இருந்தாலும் எங்கோ தூரத்துப் புயலின் அலை இங்கே வந்து சேரும். வானத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

கால் நனைப்பதென்றால் முதலில் ஐந்து பத்து நிமிஷம் கரையில் நின்று கடலைப் பாருங்கள். எங்கே நுரை இல்லை, எங்கே தண்ணீர் கறுத்திருக்கிறது, எங்கே கலங்கிய மணல் கடல் பக்கமாகப் போகிறது என்று கவனியுங்கள். அந்த இடங்களைத் தவிருங்கள். கல் ஓரம், முகத்துவாரம் இரண்டும் வேண்டவே வேண்டாம். குழந்தைகள் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இருட்டிய பிறகும், குடித்துவிட்டும் யாரும் இறங்கக் கூடாது.

இழுப்பில் மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். அது உங்களைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மல்லாந்து மிதந்து மூச்சைச் சேமியுங்கள், கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். கல் சுவர் ஒரு பக்கம் இருந்தால் அதற்கு எதிர்ப்பக்கம்.

வேறு யாராவது மாட்டினால் வெறும் கையோடு பின்னால் குதிக்காதீர்கள். ஒரு சாவு இரண்டாவது அப்படித்தான். மூடி இறுக்கிய காலி தண்ணீர் கேன், கயிறு, கார் ட்யூப், எது கிடைக்கிறதோ எறியுங்கள். மீனவர்களைக் கூப்பிடுங்கள், 112க்கும் 108க்கும் போன் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கரையில் வலையோ படகோ வைத்துக்கொண்டு யார் உட்கார்ந்திருந்தாலும் போய்க் கேளுங்கள். 'அண்ணே, எந்தப் பக்கம் இறங்கலாம்?' அரை நிமிஷம் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்புவதற்கு முன் பையன் மறுபடியும் கடலுக்குப் போகணும் என்றான். போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பெரியவரிடம் ஓடிப்போய், "தாத்தா, இன்னிக்கு எங்க எறங்கலாம்?" என்று கேட்டான். அவர் எழுந்து வந்து, ஒரு நிமிஷம் கடலைப் பார்த்துவிட்டு, வடக்கே கையைக் காட்டினார். "அந்தா, அந்தப் படகு கெடக்குல்ல, அதுக்கு நேரா. முட்டி வரைக்கும். அதுக்கு மேல வேண்டாம் சாமி."

முட்டி வரைக்கும்தான் போனோம். பக்கத்தில் நான் நின்றேன். அன்றைக்கு அலை நன்றாகவே இருந்தது.